ஒரு மணிச் சாப்பாடு இரண்டரைக்கு: ஷூட்டிங் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷூட்டிங் ஷெட்யூல் தாளில் ஒரு மணிக்கு லஞ்ச் பிரேக் என்று இருக்கும். ஒரு மணிக்கு வெயில் சரியான கோணத்துக்கு வந்திருக்கும், 'இந்த ஒரு ஷாட் மட்டும்' என்பார் கேமராமேன். அந்த ஒரு ஷாட் முடியும்போது மணி இரண்டரை. பதினொன்றரைக்கே வடித்து வண்டியில் ஏறிய சோறு அதுவரை அண்டாவில் என்ன ஆகிறது என்று யோசிப்பவர் குறைவு. புதிதாகக் குறும்படமோ விளம்பரமோ எடுப்பவர்கள் மெனுவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மெனு கடைசி வேலை. முதல் வேலை, அசிஸ்டென்ட் டைரக்டரிடம் ஷெட்யூலை வாங்கி, எந்தெந்த இடத்தில் பிரேக் தள்ளிப்போகும் என்று கேட்பது.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இரண்டுக்கும் நடுவில் கிருமி பெருகும். சோற்றில் வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 'கொஞ்சம் சுட வெச்சா சரியாயிடும்' என்பது யூனிட்டுக்குச் சமைக்கும் மெஸ்காரர்கள் சொல்லும் ஆறுதல், அவ்வளவுதான். சோற்றை இரண்டு ஈடாக வடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஈட்டுக்கு உலை வைக்கும் முன் செட்டிலிருந்து ஒரு போன் வர வேண்டும். டைரக்டர் ஷாட்டைப் பார்க்கும் மானிட்டர் பக்கத்தில் நின்று இந்தப் போனைச் செய்ய ஒரு புரொடக்‌ஷன் பையன் இருந்தால், பாதித் தவறு அங்கேயே தீர்ந்துவிடும்.

தேங்காய்ச் சட்னி தனிக் கதை. விடிகாலை நாலு மணிக்கு அரைத்தது, ஒன்பதரைக்கு வரும் இரண்டாவது குரூப்பின் தட்டில் விழும்போது லேசாக நுரைத்திருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் என்றால் தேங்காய் மலிவு, அதனாலேயே அண்டா நிறைய அரைத்துவிடுவார்கள். லேட்டாக வருபவர்களுக்கு வதக்கிய வெங்காயச் சட்னியோ தக்காளித் தொக்கோ போதும். மதியத்துக்கு ஒரு புளியோதரையைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் தள்ளிப்போகும் பிரேக்கை அது தாங்கும்.

அடுத்தது தலை எண்ணிக்கை. அன்றைக்கு யார் யார் வர வேண்டும் என்று எழுதும் கால்ஷீட் தாளில் நடிகர்களும் டெக்னீஷியன்களும் இருப்பார்கள். கேரவன் டிரைவர், ஜெனரேட்டர் ஆபரேட்டர், வாடகைக் கேமராவோடு வரும் உதவியாளர், நடிகரின் சொந்த மேக்கப்மேன், பவுன்சர், வீடு கொடுத்தவரின் குடும்பம் - இவர்கள் யாரும் தாளில் இல்லை, ஆனால் எல்லாருக்கும் பசிக்கும். ஒரு திருவிழாக் காட்சிக்கு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் 60 பேர் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி எழுதினேன். வேனிலிருந்து இறங்கும்போது எண்ணினால் 80க்குப் பக்கம். சிலர் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். குழந்தையிடம் 'உன் பேர் லிஸ்டில் இல்லை' என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு நானும் என் ஆட்களும் பன்னும் டீயும் சாப்பிட்டோம். அப்புறம் எப்போதும் நூறு பேருக்குப் பதினைந்து பேர் கூட்டித்தான் எழுதுகிறேன். ஏஜென்ட் வண்டி வந்ததும் தலையை எண்ணி, உடனே மெஸ்ஸுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அளவு தப்பலாம். ஆபீஸ் ஆட்கள் நிறைந்த விளம்பர ஷூட்டில் ஒரு கிலோ அரிசிச் சோறு பத்துப் பேரைத் தாண்டும். விடியும் முன்பிருந்து லைட்டும் ஸ்டாண்டும் தூக்குபவர்களுக்கு அதே ஒரு கிலோ ஏழு பேருக்குக் காணாது.

லைட்மேன்கள் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரேக் சொன்னதும் எல்லாரும் பந்திக்குப் போவார்கள். லைட்டை அணைத்து, ஒயரைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு அவர்கள் வருவதற்குள் சிக்கன் அண்டாவில் குழம்பும் எலும்பும்தான் மிதக்கும். அதிகம் உழைத்தவருக்கு அடி அண்டா. பரிமாற ஆரம்பிக்கும் முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைப்பதுதான் ஒரே வழி. ஒரு காலத்தில் பெரிய நடிகருக்கு ஒரு சாப்பாடு, யூனிட்டுக்கு வேறு சாப்பாடு என்பது சாதாரணம். தான் சாப்பிடுவதே எல்லாருக்கும் என்று நடத்தியவர் விஜயகாந்த். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவர் படங்களை விடவும் அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் பலர் பேசினார்கள் என்று எனக்குத் தோன்றியது. சாப்பாட்டில் பாகுபாடு காட்டினால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மாலையில் வேலை மந்தமாகும்போதுதான் தெரியும்.

காலண்டரைப் பார்க்காமல் மெனு போடுவதும் நடக்கிறது. புரட்டாசியில் யூனிட்டில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சைவம் சமைத்தால் மட்டும் போதாது, கரண்டியும் பரிமாறும் இடமும் தனியாக வேண்டும். மீன் குழம்பில் விழுந்த கரண்டி சாம்பாருக்குள் போவதை ஒருவர் பார்த்துவிட்டால் அன்று அவருக்குப் பட்டினிதான். ரம்ஜானில் வேறொரு சிக்கல்: சூரியன் மறையும் வெளிச்சத்துக்காக மொத்த யூனிட்டும் ஓடும் அதே பத்து நிமிடத்தில்தான் நோன்பு திறக்கும் நேரமும் வரும். நோன்பிருப்பவர்களை டேபிளுக்கு வரச் சொல்லாதீர்கள். பேரீச்சையும் தண்ணீரும் அவர்கள் நிற்கும் இடத்துக்குப் போகட்டும்.

மலையில் ஷூட்டிங் என்றால் சென்னைச் சமையல் மாஸ்டரின் கணக்கு அப்படியே எடுபடாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே திறந்த அண்டாவில் பருப்பும் புழுங்கலரிசியும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் கொண்டுபோகாத மெஸ் அங்கே மாட்டிக்கொள்ளும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தடை. பெட்டி பெட்டியாக ஏற்றிப் போய்ச் சோதனைச் சாவடியில் நிற்காதீர்கள். 20 லிட்டர் கேனும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் போதும். கீழே சமவெளியிலும் டேபிளில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவைதான்.

நைட் ஷூட்டுக்கு ஒன்பது மணிக்குப் பிரியாணி போட்டுவிட்டு 'முடிந்தது' என்று படுத்துவிடுவார்கள். பதினொன்றரைக்கு எல்லாருக்கும் தூக்கம் சொக்கும், இரண்டு மணிக்குத் திரும்பப் பசிக்கும். ஒன்பதுக்கு இட்லி, இரண்டுக்குச் சூடாக ரவா உப்புமாவும் டீயும் என்று வைத்துப் பாருங்கள்.

போட்டோ ஷூட்டில் கூட்டம் குறைவு, உடைதான் பிரச்சினை. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுச் சாம்பார் விழுந்தால் மஞ்சள் கறை போகாது. காஸ்ட்யூம் வாடகை என்றால் விலையையும் கட்ட வேண்டும். மாடல்களுக்குச் சப்பாத்தி ரோல் மாதிரி சொட்டாத எதையாவது கொடுங்கள். கழுத்தில் கட்ட ஒரு பெரிய துண்டும் வேண்டும், அது காஸ்ட்யூமர் கையில் இருக்கட்டும்.