சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம், “சுண்டெலியை எப்படித் தூக்குவீர்கள்?” என்று முதல் நாளே கேட்பேன். அநேகமாக எல்லாரும் வாலைத்தான் காட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கோலாலம்பூரில் இந்த வேலைக்கு வந்து பல வருடம் அப்படியே தூக்கினேன். கூண்டு மூடியைத் திறந்ததும் எல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சுண்டெலி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காரணம் என் கைதான். வாலைப் பிடித்துத் தூக்கினால் பயம் கூடுகிறது, குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ எடுத்தால் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010லேயே காட்டிவிட்டார்கள். பயந்துபோன எலியிடம் எடுக்கும் அளவுகளும் கெட்டுப்போகும்.

5 சென்டிமீட்டர் அகலமும் 13 சென்டிமீட்டர் நீளமும் உள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போதும். அதைக் கூண்டிலேயே விட்டுவையுங்கள், அதற்குள் தூங்கட்டும். தூக்கும்போது குழாயை எலியின் முன்னால் படுக்க வையுங்கள். மற்றக் கையைப் பின்னாலிருந்து மெதுவாகக் கொண்டுவாருங்கள், துரத்த வேண்டாம். உள்ளே போனதும் இரண்டு முனைகளையும் கையால் லேசாக மறைத்துத் தூக்குங்கள். தராசிலோ புதுக் கூண்டிலோ குழாயைச் சாய்த்துப் பிடித்தால் தானே பின்பக்கமாக இறங்கிவிடும். கூண்டு மாற்றும்போதெல்லாம் இப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் அதுவே குழாயைத் தேடி வரும். முதல் தடவை ஒரு குட்டி குழாய் ஓரத்தில் நின்று மீசையை ஆட்டிக்கொண்டு என் கையுறையை மோந்து பார்த்தபோது, நான் அசையாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்தது கூடு. அறை 20 முதல் 26 பாகைக்குள் இருக்க வேண்டும். வெளி வெயிலில் வியர்த்து வரும் நமக்கு அது சுகம். சுண்டெலிக்குச் சுகமான சூடோ ஏறக்குறைய 30 பாகை. அதனால் கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை கிழித்த காகிதம் கொடுங்கள், அது தானே உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கூண்டு மாற்றும் நாளில் அந்தக் கூட்டில் காய்ந்த பகுதியைப் புதுக் கூண்டுக்கு எடுத்து வையுங்கள். மூத்திரம் நனைந்த மரத்தூளைச் சேர்க்காதீர்கள், ஆண் எலிகள் சண்டை போடும்.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு நீண்ட விடுமுறையில், போத்தல் நிறைய இருந்ததைப் பார்த்து ‘சரி’ என்று குறித்துவிட்டுப் போனேன். போத்தலின் மூக்குக் குழாயிலிருந்த குண்டு சிக்கி ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மறுநாள் வந்தபோது அந்தக் கூண்டிலிருந்த இரண்டு எலிகளும் முடி சிலிர்த்து, முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தன. தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அன்றிலிருந்து போத்தலில் மார்க்கர் பேனாவால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போடுகிறேன். ஓர் எலி ஒரு நாளைக்கு 4, 5 மில்லிலிட்டர் குடிக்கும். நான்கு எலி இருக்கும் கூண்டில் கோடு நகரவே இல்லை என்றால் உடனே போத்தல் மூக்கை விரலால் தட்டிப் பாருங்கள்.

வலியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால் நாம் பக்கத்தில் நின்றால் மறைத்துவிடும். கதவருகே ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். கண் சுருங்கியிருக்கிறதா, காது பின்னால் மடங்கியிருக்கிறதா, கன்னமும் மூக்கும் புடைத்திருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா? இரண்டு தெரிந்தாலே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆராய்ச்சியாளர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எலியின் எடை எவ்வளவு குறைந்தால் சோதனையை நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாளே அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தமும் முக்கியம். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை. சுண்டெலிகளுக்கு 80க்கு மேலும் கேட்கும். நமக்குக் கேட்காத சத்தமும் அவற்றைப் பயமுறுத்தும், அதனால் சாவிக்கொத்தைக் குலுக்காதீர்கள்.

தைப்பூசம், தீபாவளி, ஹரிராயா என எந்த விடுமுறையிலும் அவற்றுக்கு லீவு கிடையாது. நம்மவர்கள் பத்துமலைக்குப் போகிற அன்று யார் வருவது என்று ஒரு வாரம் முன்பே மலாய், சீன நண்பர்களோடு பேசிக்கொள்ளுங்கள், அவர்கள் பெருநாளுக்கு நாம் வருவோம். வருபவரின் பெயர், கைப்பேசி எண், குளிர்சாதனம் நின்றால் யாரைக் கூப்பிடுவது, மூன்றையும் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.