டெல்டாவில் ஹாம் ரேடியோ: ஆண்டெனாவில் நேரும் தவறுகள்

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கான உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ செட்டில் போட்டுவிடுகிறார்கள். மிஞ்சியதுதான் ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும். காவிரி டெல்டாவில் இந்தக் கணக்கு நிச்சயம் உதைக்கும். வடகிழக்குப் பருவமழையும், நாகப்பட்டினம் தொடங்கிக் கோடியக்கரை வரை அடிக்கும் உப்புக் காற்றும் முதலில் கைவைப்பது வெளியில் கிடக்கும் கேபிளில்தான்.

கனெக்டரின் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போவது பெரிய தவறு. சித்திரை வெயிலில் பசை இளகும், ஐப்பசி மழையில் அந்த வழியே தண்ணீர் இறங்கும். அப்படி நனைந்த கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறிப் பாருங்கள். பளபளக்க வேண்டிய செம்புப் பின்னல் கறுத்துப் போயிருக்கும், விரலில் பச்சைத் தூள் ஒட்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் சற்றுத் தொங்கி மேலேறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இந்தக் கேடு மீட்டரில் தெரியாது என்பதுதான் வேதனை. கெட்ட கேபிள், போகும் ஆற்றலையும் தின்கிறது, ஆண்டெனாவில் பட்டுத் திரும்புவதையும் தின்கிறது. திரும்பி வருவது குறைவதால், அதைக் கொண்டு கணக்கிடும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு (1-ஐ நெருங்க நெருங்க நல்லது) அழகாக 1.2 என்று நிற்கும், ஆனால் நம் குரல் யாருக்கும் எட்டாது. அளவு நன்றாக இருக்கிறது என்று திருப்தியடைந்து, செட்டைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆண்டெனாவில் கைவைக்காமலே அந்த அளவு முன்பைவிடக் குறைந்திருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

உயரத்திலும் குழப்பம் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆண்டெனா) பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் கம்பி போதும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கட்டினாலே அலை செங்குத்தாக மேலேறி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலில் தமிழ்நாடு முழுவதையும் எட்டும். இதற்காகக் கோபுரம் எழுப்புவது வீண் செலவு. இரவு ஏற ஏறத் தஞ்சாவூரும் மயிலாடுதுறையும் ஒன்றையொன்று கேட்காமல் போகலாம், அது செட்டின் கோளாறு அல்ல. 144 மெகாஹெர்ட்ஸில் நிலைமை தலைகீழ். நம் சமவெளியில் 10 மீட்டர் உயர ஆண்டெனாவின் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். அங்கே ஒவ்வொரு மீட்டர் உயரமும் பலன் தரும்.

தென்னை மரங்களுக்கு நடுவே கம்பியை விறைப்பாகக் கட்டாதீர்கள். காற்றில் இரண்டு மரங்களும் எதிரெதிராகச் சாயும்போது கம்பி அறுந்துவிடும். ஒரு முனையைக் கப்பியில் விட்டு, கயிற்று நுனியில் செங்கலைத் தொங்கவிட்டால் மரத்தின் ஆட்டத்தோடு கம்பியும் ஏறி இறங்கும். வயல்களின் மேல் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும் இடங்கள் இங்கே ஏராளம். அறுந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத இடமாகப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். இதில் சமரசமே கூடாது, உயிர் போகும். இடி கேட்ட பிறகு கேபிளைக் கழற்ற ஓடுவதும் ஆபத்து. மழைக்காலத்தில் பேசி முடித்ததும் கழற்றி வெளியிலேயே எர்த்தில் இணைத்துவிடுங்கள்.

உரிமம் இல்லாமல் வாக்கி டாக்கி வாங்கி ஹாம் அலைவரிசைகளில் பேசுவது சட்டப்படி குற்றம். தேர்வு எழுத 12 வயது போதும், முறையாக எழுதிவிடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே புரட்டாசியிலேயே பேட்டரியைச் சோதித்து முழுதாக சார்ஜ் ஏற்றி வையுங்கள். 100 வாட் செட் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். 25 வாட்டுக்குக் குறைத்தால் எதிர்முனையில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஏறக்குறைய ஒரு புள்ளிதான் இறங்கும், பேட்டரியோ வெகுநேரம் கூடுதலாகத் தாங்கும்.