க்ளீட்டை எங்கே வைப்பது: முட்டியையும் பாதத்தையும் காப்பாற்றும் சில மில்லிமீட்டர்கள்

க்ளீட் என்பது சைக்கிள் ஷூவின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் சின்னத் துண்டு, பெடலில் மாட்டிப் பாதத்தைப் பூட்டி வைக்கும். க்ளீட் ஷூ வாங்கியதும் பலர் செய்வது இதுதான்: ஷூவின் அடியில் குத்துமதிப்பாக நடுவில் க்ளீட்டை வைத்து முடுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் தூரம் கூடக் கூட முட்டியின் பக்கவாட்டில் ஒரு குத்தல், இல்லாவிட்டால் பாதத்தின் முன்பகுதியில் எரிச்சல், விரல் மரத்துப்போவது என்று ஆரம்பிக்கும். உடனே ஷூவைக் குறை சொல்வோம், சீட்டை மாற்றுவோம், வயசாகிவிட்டது என்றுகூட நினைப்போம். க்ளீட்டைத் திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றாது.

நிமிடத்துக்கு 90 சுற்று என்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 முறை சுற்றுகிறது, மூன்று மணி நேர ஓட்டத்தில் 16,200 முறை. சாதாரண பெடலில் பாதம் அசௌகரியமாக இருந்தால் நம்மை அறியாமலே நகர்த்தி வைத்துக்கொள்வோம். க்ளீட் மாட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பாதம் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கோணம் உங்கள் காலுக்கு ஒத்துவராவிட்டால் அந்தத் திருகலைப் பாதம் வாங்காது, கணுக்காலும் ஓரளவுக்குத்தான் வாங்கும், மிச்சம் எல்லாம் முட்டிக்குப் போகும். முட்டி முக்கியமாக மடங்கி நிமிரும் மூட்டு, பக்கவாட்டில் முறுக்கினால் அதிகம் தாங்காது. அதனால் இந்த வேலைக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள், கிளம்பும் அவசரத்தில் செய்யாதீர்கள்.

தேவையானவை கொஞ்சம்தான். 4 மி.மீ. ஆலன் கீ, மாஸ்கிங் டேப், மெல்லிய மார்க்கர், சின்ன ஸ்கேல், கொஞ்சம் கிரீஸ். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. சைக்கிளை ட்ரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்டில், மாட்ட முடிந்தால் வேலை பாதியாகக் குறையும், இல்லையென்றால் சுவரில் சாய்த்து வைத்தும் செய்யலாம்.

க்ளீட்டை மூன்று விதமாக நகர்த்தலாம்: முன்னும் பின்னும், உள்ளேயும் வெளியேயும், அப்புறம் கோணத்தைத் திருப்புவது. இதே வரிசையில் செய்யுங்கள். கோணத்தை முதலில் சரிபண்ணிவிட்டு அப்புறம் முன்பின் நகர்த்தினால் கோணம் கண்டிப்பாகக் கலையும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முன்பின் நிலைதான் மூன்றிலும் முக்கியமானது என்பது என் எண்ணம், அதனால் இதில் அவசரப்படாதீர்கள். ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு ஷூவைப் போட்டு, ஓட்டும்போது எவ்வளவு இறுக்குவீர்களோ அவ்வளவு இறுக்கிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி பார்த்தால் பாதத்தின் நீளம் சற்று மாறும். ஷூவின் உள்பக்க ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தியபடியே பெருவிரலிலிருந்து பின்னால் தடவிக்கொண்டு வாருங்கள், ஓரிடத்தில் எலும்பு உருண்டையாகத் தட்டுப்படும். சந்தேகமாக இருந்தால் ஷூவுக்குள்ளேயே பெருவிரலை மேலே தூக்கித் தூக்கி இறக்குங்கள், மடங்கும் இடம் விரலுக்குத் தெரியும். ஷூவின் ஓரத்தில் முன்பே ஒட்டிவைத்த டேப்பில் அந்த உருண்டையின் நடுவுக்கு நேராக ஒரு கோடு. அதேபோல வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு முடிச்சைத் தேடுங்கள். இது சற்று சின்னது, ஷூவின் தடிமனுக்குள் ஒளிந்திருக்கும், உள்பக்கத்தைவிடப் பின்னால் இருக்கும். அங்கேயும் ஒரு கோடு.

இரண்டு காலுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஒரு காலில் எடுத்த அளவை மற்றதற்கு அப்படியே போடாதீர்கள். நம் இரண்டு பாதமும் ஒரே அளவு இருப்பது அரிது, ஷூ ஜோடி மட்டும் ஒரே அளவில்தான் வரும்.

இப்போது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து, அந்த இரண்டு கோடுகளையும் அடிப்பாகத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு எல்லைகள் கிடைக்கும். பெடலின் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். சரியாக பெருவிரல் எலும்புக்கு அடியில் அச்சு வர வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள், இன்றும் பலர் அப்படித்தான் வைக்கிறார்கள், ஆனால் அது பெரும்பாலானோருக்குக் கொஞ்சம் அதிகமாக முன்னால் போய்விடுகிறது. அச்சு முன்னால் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் கெண்டைக்கால் தசை பாதத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், குதிகால் தசைநாண் இழுபடும், பாதத்தின் முன்பகுதியில் அழுத்தம் ஓரிடத்தில் குவியும். பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது, நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றால் க்ளீட்டை 2 அல்லது 3 மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். குறுகிய தூரம் வெடித்து ஓடும் ஸ்பிரிண்டர்கள் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. நெடுந்தூரம் ஓட்டும் நமக்கு அது வேண்டாம்.

க்ளீட்டில் அச்சு எங்கே விழும் என்று எப்படித் தெரியும்? பல மூன்று போல்ட் க்ளீட்களின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கோடு இருக்கும், அதுதான். ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி மாதிரி இரண்டு போல்ட் க்ளீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு போல்ட்டும் ஏறக்குறைய அச்சுக்கு நேராக விழும் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை வரவில்லையா, ஷூவைப் போட்டு பெடலில் மாட்டி, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கைத் தரைக்கு இணையாக வைத்துப் பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். டேப்பில் போட்ட கோடும் பெடல் அச்சும் எங்கெங்கே இருக்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரியும். எஸ்பிடி ஷூக்களின் அடியில் பெரும்பாலும் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைத் துளைகள் இருக்கும். முன்வரிசையில் எவ்வளவு பின்னால் தள்ளினாலும் போதவில்லை என்றால் பின்வரிசைக்கு மாற்றுங்கள்.

பின்னால் தள்ளும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கால் எட்டும் தூரம் கொஞ்சம் குறைந்துவிடும், அதனால் க்ளீட்டை நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தால் சீட்டையும் ஓரிரு மி.மீ. இறக்க வேண்டிவரும். இதைச் செய்யாமல் விட்டு, க்ளீட் மாற்றியதால் முட்டியின் பின்பக்கம் வலிக்கிறது என்பவர்கள் நிறைய. இன்னொன்று, ஷூவின் முனை முன்சக்கரத்துக்கு நெருங்கும், அதுவும் சின்ன ஃப்ரேம் என்றால் மெதுவாக வளைக்கும்போது விரல் டயரில் உரசலாம். காலி மைதானத்தில் ஒரு முறை ஹேண்டிலை ஒடித்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சாலைக்குப் போங்கள்.

உள்ளே வெளியே நகர்த்துவதில் எல்லோரும் ஒரு தடவையாவது குழம்புவார்கள், ஏனென்றால் இது தலைகீழாக வேலை செய்யும். க்ளீட்டைப் பெருவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் கிராங்க்கை விட்டு வெளியே போகும். சுண்டுவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் கிராங்க்கை நோக்கி உள்ளே வரும். நடுவில் வைத்துத் தொடங்குங்கள். அப்புறம் ட்ரெய்னரில் மிதிக்கும்போது போனை முன்னால் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள், முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு மேலாக ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறி இறங்கினால் போதும். முட்டி உள்பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாலோ, இடுப்பு அகலமாக இருந்து பாதங்கள் நெருக்கமாக இருப்பதுபோலத் தோன்றினாலோ இந்த அகலத்தை மாற்றிப் பார்க்கலாம். முட்டி வெளிப்பக்கம் விரிந்து சுழன்றால் மட்டும் உடனே க்ளீட்டைத் தொடாதீர்கள், சீட் தாழ்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கு விஷயம் அங்கேதான் இருக்கும்.

இனி கோணம். ஒரு மேசை மேல் உட்கார்ந்து, கால் தரையில் படாமல் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுக் குனிந்து பாருங்கள். பாதங்கள் நேராக இருக்கின்றனவா, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கின்றனவா, இரண்டும் ஒரே மாதிரியா? பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிட அதிகமாகத் திரும்பியிருக்கும். பெடலிலும் பாதம் ஏறக்குறைய அப்படியே இருக்க விட்டுவிட வேண்டும். எல்லோரும் நேராகத்தான் மிதிக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது, அழகுக்காக நேராக்கப் போய் முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விரல் வெளிப்பக்கம் பார்க்கும் பாதத்துக்கு, க்ளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கம் லேசாகத் திருப்ப வேண்டும். மாட்டும்போது க்ளீட் நேராகும், ஷூ வெளிப்பக்கம் திரும்பும், குதிகால் உள்ளே வரும். இங்கேதான் குதிகால் கிராங்க்கிலோ பின்பக்க ஃப்ரேமிலோ உரசும் வாய்ப்பு உண்டு. பெடலைக் கையால் பின்னோக்கி ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், குதிகாலை உள்பக்கம் அசைத்தும் பாருங்கள். உரசினால் பாதத்தைக் கொஞ்சம் வெளியே நகர்த்த வேண்டும், அதாவது க்ளீட்டைப் பெருவிரல் பக்கம்.

மாட்டிய பிறகு பாதம் எவ்வளவு டிகிரி இப்படி அப்படி ஆடலாம் என்பதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். ஷிமானோவின் சாலை சைக்கிள் க்ளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கம்பெனியின் கியோ க்ளீட்டில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. கவனியுங்கள், ஒன்றில் சிவப்பு என்றால் துளியும் ஆடாது, மற்றொன்றில் சிவப்புதான் ரொம்ப ஆடும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் நேர் எதிரானது கையில் வந்து நிற்கும். முட்டியில் ஏற்கனவே தொந்தரவு உள்ளவர்களும் முதல்முறை க்ளீட் போடுபவர்களும் 0 டிகிரி பக்கம் போகவே வேண்டாம், மஞ்சளோ சாம்பலோ போதும். அதேசமயம் ஃப்ளோட் இருக்கிறதே என்று கோணத்தை ஏனோதானோ என்று விட்டுவிடவும் கூடாது. நீங்கள் இயல்பாக மிதிக்கும்போது பாதம் அந்த ஆட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டே இருந்தால் 6 டிகிரி இருந்தும் பயன் இல்லை. மாட்டியபடியே குதிகாலை உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை அசைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் இருந்தால் சரி.

என் நண்பர் ஒருவருக்கு வலது முட்டியின் வெளிப்பக்கம் மட்டும் வலி, அதுவும் ஒரு மணி நேரம் தாண்டினால்தான் வரும். அவர் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தபோது இரண்டு க்ளீட்டும் ஒரே கோணத்தில், அச்சில் வார்த்ததுபோல இருந்தன. மேசையில் உட்காரவைத்துப் பார்த்தால் அவருடைய வலது பாதம் மட்டும் நன்றாக வெளியே திரும்பியிருந்தது. ஓட்டும்போது அந்தக் குதிகால் உள்பக்கம் வர முயன்று எல்லையில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலது க்ளீட்டின் மூக்கை மட்டும் துளியூண்டு உள்பக்கம் திருப்பினோம், இடதைத் தொடவே இல்லை. சில வாரங்களில் வலி போய்விட்டது.

வலி எங்கே என்பதை வைத்து எங்கே தேடுவது என்று ஊகிக்கலாம், ஆனால் இது ஊகம்தான். முட்டியின் வெளிப்பக்கம் வலித்தால் விரல்கள் அளவுக்கு மீறி உள்ளே பார்க்கும்படி பூட்டியிருக்கிறதா பாருங்கள், உள்பக்கம் வலித்தால் அதற்கு எதிராக. முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் வலித்தால் சீட் உயரம், இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் க்ளீட்டுக்கு வர வேண்டும். விரல் மரத்துப்போனால் க்ளீட்டை நகர்த்தும் முன் ஷூவின் முன்பக்கப் பட்டையை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள், சில சமயம் அவ்வளவுதான் விஷயம்.

முடுக்கும்போது போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் வியர்வையும் மழைத்தண்ணீரும் சேர்ந்து துருப்பிடித்து அடுத்த முறை கழற்றவே வராது. எல்லா போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒன்றை முழுதாக முடுக்கினால் க்ளீட் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஷிமானோ சொல்லும் அளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். தளர்வாக விட்டால் ஆபத்து, ஏனென்றால் பெடலிலிருந்து விடுபடப் பாதத்தைத் திருப்பும்போது க்ளீட் ஷூவிலேயே சுழலும், பெடலை விட்டுக் கழலாது, சிக்னலில் நின்றபடியே விழ வேண்டியதுதான். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடியும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பழகுபவர்கள் பெடல் க்ளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகையும் ஆகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை பொருத்திய பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் 2, 3 மி.மீ.க்குள். மாற்றியதும் நெடுந்தூரம் போகாமல் பக்கத்தில் நிதானமாகச் சில முறை ஓட்டிப் பாருங்கள், ஆலன் கீ பையிலேயே இருக்கட்டும். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. சின்னச் சின்னதாக மாற்றிப் பார்த்தும் வலி போகவில்லை, முட்டி வீங்குகிறது, சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரத்துப்போனது தெளியவில்லை என்றால் ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கால் நீள வித்தியாசம், பாதம் உள்ளே சரிவது போன்றவற்றுக்கு க்ளீட்டின் அடியில் வைக்கும் தகடுகளும் ஆப்புகளும் உண்டு, ஆனால் அவற்றை அளந்து பார்க்கத் தெரிந்தவர் சொல்லாமல் நீங்களாக வைக்காதீர்கள்.

நல்ல இடம் கிடைத்ததும் மார்க்கரால் க்ளீட்டைச் சுற்றி ஷூவில் கோடு போட்டு, ஸ்கேலை வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் க்ளீட்கள் நடக்க நடக்கத் தேயும், தேய்ந்தது பெடலில் லொடலொடக்கும், புதிது போட வேண்டிவரும். அப்போது பழையதைக் கழற்றும் முன் கோடு அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அழிந்திருந்தால் மறுபடியும் வரைந்துவிட்டுக் கழற்றுங்கள்.