கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் சைடு பேனலைக் கழற்றுங்கள்

விளையாடும்போது கணினி திணறத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, செல்பேசியில் கிராபிக்ஸ் கார்டு விலையைத் தேடுவதுதான். அதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கேபினெட்டின் பக்கப் பேனலைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணன் மகனும் அப்படித்தான். ஓராண்டாகச் சேர்த்த பணத்துடன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், மூன்று விசிறிகள் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றை வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்து ஊர் வரை கொண்டுவந்தான். பொருத்தப் போனால் கார்டின் முனை ஹார்டு டிஸ்க் கூண்டில் இடித்தது. இரண்டு சென்டிமீட்டர் போதவில்லை. அந்தக் கூண்டு ஸ்க்ரூவில் அல்ல, ரிவெட்டில் நின்றது. ஆக்சா பிளேடால் அறுத்துவிடலாம் என்றான். இரும்புத்தூள் மதர்போர்டில் விழுந்தால் கார்டோடு சேர்த்து எல்லாம் போகும் என்று சொல்லி, உள்ளே இருந்த அத்தனையையும் வெளியே எடுத்து வைத்த பிறகே அறுத்தோம்.

இரண்டு விசிறிக் கார்டுகள் பொதுவாக 20 முதல் 25 சென்டிமீட்டர் வரையும், மூன்று விசிறிக் கார்டுகள் 28 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம் உள்ளவை. தயாரிப்பாளரின் பக்கத்தில் நீளம் மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கும்; ஓர் அளவுநாடாவும் இரண்டு நிமிடமும் இருந்தால் தவிர்க்கக்கூடிய தவறு இது. ஆகவே இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து நடந்ததில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது.

கார்டு பொருந்தியது, திரையில் படமும் வந்தது, விளையாட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் கணினி பட்டென்று அணைந்தது. "சித்தப்பா, கார்டு போயிடுச்சு போல" என்றான், முகம் வெளிறிப்போய். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையை, அதாவது நம் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே அதை, வெளியே இழுத்து அதன் பக்கவாட்டு லேபிளைப் படித்தோம். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. அதற்குக் கீழே சிறிய கட்டங்களில், 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர் என்று மட்டும் இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே எடுக்கின்றன. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட். அவனிடம் இருந்த ஐ5 12400எஃப் பிராசஸர் உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கக்கூடியது. 192 வாட்டை வைத்துக்கொண்டு 287 வாட் கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அணைந்ததோடு நின்றது அவன் நல்ல நேரம். மலிவான சப்ளைகளில் பாதுகாப்புச் சுற்று சரியாக இல்லாவிட்டால், போகும்போது மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போகும்.

எனவே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் உள்ள வாட் எண்ணை நம்பி வாங்குவதே வீட்டுக் கணினியை மேம்படுத்துவோர் செய்யும் தவறுகளில் மிகவும் செலவு வைப்பது என்பது என் எண்ணம். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பாருங்கள். தரமான 550 வாட் சப்ளையில் அது சுமார் 45 ஆம்பியர் இருக்கும். 80 பிளஸ் சான்று, மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனைச் சொல்லுமே தவிர, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை முழுமையாகச் சொல்லாது. ஆனாலும் அது கூட இல்லாத பெட்டியைத் தவிர்ப்பது நல்லது. கார்டுக்குரிய ஆறு முள் அல்லது எட்டு முள் இணைப்பு சப்ளையில் இல்லை என்றால், பழைய ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து மாற்றி எடுக்கும் கன்வெர்டரைக் கடைக்காரர் நீட்டுவார். அந்த மெல்லிய ஒயரில் அவ்வளவு மின்னோட்டம் போனால் பிளாஸ்டிக் உருகும். அந்த இணைப்பு இல்லை என்பதே, இந்தச் சப்ளை இந்தக் கார்டுக்கானது அல்ல என்று அதைச் செய்தவரே சொல்லும் செய்தி. ஒயர்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் வகைச் சப்ளை வாங்குவோர் பழைய சப்ளையின் ஒயர்களைப் புதியதில் செருகிவிடவும் கூடாது; முனை ஒரே மாதிரி பொருந்தினாலும் உள்ளே முள் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகம் கருகும்.

சப்ளைக்கு அப்பால், சுவரில் இருந்து வரும் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். புதுக் கார்டும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், மின்சாரம் போன நொடியில் யு.பி.எஸ். ஒரு நீண்ட அலறலோடு தானும் அணையும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுவோர், அது சைன் வேவ் வகைதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று உள்ள நல்ல சப்ளைகள் சிலவற்றுக்கு ஸ்கொயர் வேவ் மின்சாரம் ஒத்துக்கொள்ளாது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யு.பி.எஸ்., எகோ (ECO) என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கும். அது எகோ நிலையில் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளி நீண்டு, அறையின் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே கணினி மட்டும் மறுபடி தொடங்கும். எலெக்ட்ரீஷியனை அழைப்பதற்கு முன் அந்தச் சுவிட்சைப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கார்டுதான் தேவை என்று முடிவான பிறகு பார்க்க வேண்டியவை. அந்த முடிவே தவறாக இருப்பதுதான் வழக்கம். எது தடுக்கிறது என்று அளந்து பார்க்காமல் வாங்குவதற்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அளப்பது இலவசம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளைத் திரையின் மூலையில் ஓடவிட்டு, வழக்கமாகத் திணறும் இடத்தில் அரைமணி நேரம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. அது அறுபதிலும் எழுபதிலும் தள்ளாடினால் தடை வேறு எங்கோ இருக்கிறது. பிராசஸரின் மொத்தப் பயன்பாடு நாற்பது விழுக்காடு என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒன்று மட்டும் முழுவதும் நிரம்பி, மற்றவை சும்மா இருந்தாலும் அதே எண்தான் வரும். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. திரைத் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற பிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுக்கு இருந்த சுமை குறைந்திருக்கிறது; ஏறவே இல்லை என்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கிப் போட்டாலும் அது ஏறப்போவதில்லை. வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் போன்றவற்றை மட்டும் ஆடுவோருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது விடைதான் கிடைக்கும்.

அளக்கும்போதே வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள். பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தால், வாங்க வேண்டியது சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் குழாய் ஒன்றும் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் மட்டுமே. கத்திரி வெயிலில், மாடிக்குக் கீழ் அறையில், தூசி அடைத்த கூலரோடு ஓடும் கணினிக்குப் புதுக் கார்டைப் பொருத்துவது அந்தப் பெட்டிக்குள் இன்னொரு அடுப்பை ஏற்றிவைப்பதற்குச் சமம்.

பிராசஸரை மாற்ற நினைப்பவர்களைச் சறுக்கவைப்பது, மதர்போர்டில் அது உட்காரும் இடமான சாக்கெட். இன்டெலின் ஆறு, ஏழாம் தலைமுறைச் சில்லுகளும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைச் சில்லுகளும் 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில்தான் உட்காரும். ஆனால் முந்தையவற்றுக்காக வந்த மதர்போர்டில் பிந்தையவை இயங்காது. பெயரை மட்டும் பார்த்துப் பழைய ஐ7 ஒன்றை வாங்கிவந்து, திரை கருப்பாகவே இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 இந்த வகையில் தாராளமானது: 2017-இல் வந்த ரைசன் 1600 இருக்கும் பல போர்டுகளில் 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை போடலாம். ஒரு நிபந்தனை, புதுச் சில்லைப் பொருத்தும் முன், பழைய சில்லு இருக்கும்போதே, போர்டைத் தொடங்கவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் மின்சாரம் போனால் போர்டு செத்தது போலத்தான், அதனால் யு.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடாதீர்கள், மழை நாளில் நினைத்தும் பார்க்காதீர்கள். எஃப் என்று முடியும் இன்டெல் சில்லுகளில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய கார்டை முதலில் விற்றுவிட்டுப் புதியது வரும்வரை கணினியை ஓட்டலாம் என்ற கணக்கு அவற்றில் எடுபடாது.

ரேம் விஷயத்தில் மூன்றே வரிகள். டி.டி.ஆர்.4-உம் டி.டி.ஆர்.5-உம் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது, இன்டெலின் 1700 சாக்கெட் போர்டுகள் இரண்டு வகையிலும் விற்கப்படுவதால் போர்டின் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே 16 ஜிபி குச்சியைவிட எட்டெட்டாக இரண்டு குச்சிகள், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் இருப்பது விளையாட்டுக்கு நல்லது. 3200 என்று எழுதிய ரேமை வாங்கிவிட்டு, பயாஸில் அந்த வேகத்தைத் தரும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்காமல் அதை 2400-லோ 2666-லோ ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள், கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை வாங்காமலே வந்தவர்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்குவோர் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே என்பதை அறிய வேண்டும். அதே வடிவத்தில் நொடிக்கு சுமார் 550 எம்பி தரும் சாட்டா வகையும், 3500 எம்பியும் அதற்கு மேலும் தரும் என்.வி.எம்.இ. வகையும் இருக்கின்றன. உங்கள் போர்டின் இடம் எதை ஏற்கிறது என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுவோருக்கு விளையாட்டு திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும், பிரேம் எண்ணிக்கை அநேகமாக மாறாது. அந்த எஸ்.எஸ்.டி.யைப் பிடிக்கும் கடுகளவு ஸ்க்ரூ மதர்போர்டு பெட்டியில் ஒரு சின்னப் பாக்கெட்டில் வந்திருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள் செல்லோ டேப்பை நாடுவார்கள். சூட்டில் அந்தப் பசை இளகும்.

பழைய கார்டு வாங்குவது தவறல்ல, பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டபோது, அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. விசிறித் தாங்கியும் தெர்மல் பேடும் தேய்ந்தவையும் உண்டு. அதைவிட மோசம், பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய சில்லின் பயாஸைத் திருத்தி ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்பது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய பல கார்டுகளைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். விற்பவரின் இடத்திலேயே அதை ஓட்டிப் பார்த்து, கால் மணி நேரமாவது கார்டுக்கு முழுச் சுமை கொடுத்த பிறகு பணத்தை எண்ணுங்கள். "4 ஜிபி கார்டு இருக்கா" என்று கடையில் கேட்பதும் இந்தத் தவறின் தம்பிதான். ஜி.டி. 730-இலும் 4 ஜிபி உண்டு. நினைவகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தச் சில்லால் இன்றைய விளையாட்டுகளை நகர்த்த முடியாது. ஜிபியைக் கேட்காமல் மாடல் பெயரைக் கேளுங்கள்.

தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கும், புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு அருகில் இருப்பவர்களுக்கும் வேறொரு எச்சரிக்கை உண்டு. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ரேமின் தங்க நிற முனைகளில் ஒரு மங்கலைப் படியவைக்கும். திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், ரேம் போய்விட்டது என்று புதிது வாங்கும் முன், மின்சாரத்தைத் துண்டித்து, குச்சியை வெளியே எடுத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். கண்ணாடிப் பேனல் வைத்து, முன்புறத்தை முழுவதும் திறந்துவிட்ட கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். தரையிலும் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதைய கேபினெட்டுகளில் பவர் சப்ளை அடியில்தான் இருக்கிறது.

எல்லாம் வாங்கிப் பொருத்திய பிறகும் இரண்டு தவறுகள் மிச்சம் இருக்கும். ஒன்று, மானிட்டர் ஒயரைப் புதுக் கார்டில் செருகாமல் பழக்கத்தில் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையிலேயே செருகிவிடுவது. மற்றொன்றை அண்ணன் மகன் வீட்டில் பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். கார்டோடு சேர்த்து வாங்கிய, நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 60 என்றே மூன்று மாதமாக நின்றிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். மவுஸை இப்படியும் அப்படியும் இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தான்.