ஸ்லோ சிங்க் ஃபிளாஷ்: ஆளுக்குள் சுவர் தெரிகிறதா?

ஸ்லோ சிங்க் (ஷட்டரை மெதுவாக வைத்து ஃபிளாஷ் அடிப்பது) பழக ஆரம்பித்தவர்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பது உண்டு. பார்த்தால் எப்போதும் அதே தவறுகள்தான். பாதி நானும் கடந்து வந்தவை. காலி பேட்டரி, ஆடும் கை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை அனுபவமே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை மெதுவாக வைத்து ஃபிளாஷ் அடித்தால், ஒரே ஃபிரேமில் இரண்டு படங்கள் விழுகின்றன. ஒன்று ஃபிளாஷ் எடுப்பது. அது மின்னுவது ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்குத்தான், பவரைக் குறைத்தால் இன்னும் குறைவு. அதனால் அசைவு உறைந்துவிடும். மற்றொன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அந்த இடத்தின் வெளிச்சம் எடுப்பது. அசைவு கலங்கி விழும் இழுவையும் ஒளிக்கோடும் இதில்தான் வரும். ஷட்டர் வேகத்தை மாற்றினால் இரண்டாவது படம் மட்டும் மாறும். ஃபிளாஷ் பவரை மாற்றினால் முதல் படம் மட்டும். அப்பர்ச்சரும் (லென்ஸ் துளை) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் உணர்திறன்) இரண்டிலும் கை வைக்கும்.

## மீட்டர் சொன்ன வெளிச்சத்தை அப்படியே வைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். கேமராவின் சின்னத் திரையில் படம் பிரமாதமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால்தான் வண்டவாளம் வெளியே வரும். அதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும். திரும்ப எடுக்க வழியில்லை.

ஒரு தம்பி மாலை முழுக்க நடனம் ஒன்றை எடுத்துவிட்டு வந்தார். அரங்கம் அருமையாக வந்திருந்தது. ஆனால் ஆடியவர்களின் தலைமுடிக்குள் பின்சுவர் விளக்குகள் வரிசையாக எரிந்தன. கறுப்புச் சட்டைக்காரரின் மார்பு வழியே திரைச்சீலையின் மடிப்புகளை எண்ணிவிடலாம். "ஃபிளாஷ் பவர் பத்தலையாண்ணே?" என்றார். அடுத்த முறை பவரைக் கூட்டியும் பார்த்தார். முகம் வெளுத்தது, முடிக்குள் விளக்கு அப்படியே இருந்தது.

சென்சாருக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் தெரியாது. ஃபிளாஷ் மின்னியபோது ஆள் அங்கே இருந்தார், பதிவானார். மீதி அரை நொடியில் அவர் நகர, அதுவரை அவர் மறைத்திருந்த சுவர் அதே இடத்தின் மேல் பதிவாக ஆரம்பித்தது. பளிச்சென்ற முகத்தின் மேல் விழுந்தால் அவ்வளவாகத் தெரியாது, அங்கே ஏற்கெனவே வெளிச்சம் நிறைய. முடி, கறுப்புத் துணி, நிழல் என்று ஃபிளாஷ் பட்டும் இருட்டாகவே இருக்கும் இடங்களில்தான் பின்னணி ஏறி உட்காரும். பவரைக் கூட்டியும் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

குறைக்க வேண்டியது அந்த இடத்தின் வெளிச்சத்தை. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சரி என்று சொல்வதிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் கீழே இறக்குங்கள். ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும், இரண்டு ஸ்டாப் என்றால் கால் பங்குதான் மிஞ்சும். பின்னணி புரிவதற்கு அது போதும். சோதிப்பது சுலபம். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அதில் விளக்குகள் தெரிய வேண்டும், ஆள் மங்கலான நிழலாக இருக்க வேண்டும். ஆளின் முகம் தெளிவாகத் தெரிந்தால் வெளிச்சம் இன்னும் அதிகம் என்று அர்த்தம். ஷட்டரை வேகப்படுத்துங்கள். நடனத்துக்கு 1/15, 1/8 போன்ற வேகங்களிலேயே நல்ல இழுவை கிடைக்கும். ஒரு நொடி திறந்து வைப்பது பெரும்பாலும் வீம்பு.

இவ்வளவு செய்தும், ஆளுக்குப் பின்னால் பளீரென்ற சுவர் இருந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. நீங்கள்தான் இரண்டு அடி நகர்ந்து, அவருக்குப் பின்னால் இருட்டு வரும் கோணத்தைப் பிடிக்க வேண்டும். 1949இல் பிக்காசோ ஒரு சிறு விளக்கால் காற்றில் வரைந்ததை புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி படம் எடுத்தார். விளக்கின் தடம் கோடாக விழ ஷட்டரைத் திறந்து வைத்தார். பிக்காசோவின் உருவத்துக்கு ஃபிளாஷ். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் வந்ததற்குக் காரணம், அறை இருட்டாக்கப்பட்டிருந்ததுதான்.

## மோடு என்ன செய்கிறது என்று பார்க்காமல் இருப்பது

நிக்கானில் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமராவே முடிவு செய்யும் மோடு) ஃபிளாஷ் போட்டால், ஸ்லோ சிங்க் தேர்ந்தெடுக்காதவரை ஷட்டர் வழக்கமாக 1/60-க்குக் கீழே போகாது. பின்னணி கறுப்பாகிவிடும். கேனன் டிஎஸ்எல்ஆர்களில் இதே மோடான ஏவியில் நிலைமை நேர்மாறு: கேட்காமலேயே ஷட்டர் இறங்கும், இருட்டில் நொடிக்கணக்கில்கூட.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனிலும் ஒரு பொறி உண்டு. பின்னணியை இருட்டாக்க மைனஸ் 2 வைத்தால், நிக்கானில் வழக்கமான அமைப்பில் ஃபிளாஷும் சேர்ந்து குறையும். பின்னணிக்கு மட்டும் என்று மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் மேனுவல் மோடுக்கு வந்துவிடுங்கள். நான் அங்கேதான் இருக்கிறேன்.

## எல்லாவற்றுக்கும் ரியர் கர்ட்டன்

ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிப்பதுதான் ரியர் கர்ட்டன். இழுவை ஆளுக்குப் பின்னால் விழும், ஆகவே அதுதான் சரி என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஒரே திசையில் போகும் சைக்கிளுக்கு உண்மைதான். சுழன்று ஆடுபவருக்கு எது முன், எது பின்? அதோடு ஃபிளாஷ் கடைசியில் அடிப்பதால், நீங்கள் பட்டனை அழுத்திய அபிநயம் அதற்குள் கலைந்திருக்கும். அந்த நொடியைப் பிடிக்க, ஷட்டர் திறந்ததுமே ஃபிளாஷ் அடிக்கும் ஃபிரண்ட் கர்ட்டனே மேல்.

ஆட்களை நிறுத்தி எடுக்கும்போது இன்னொரு தொல்லை. ஃபிளாஷ் பவரைக் கேமராவே கணிக்கும் டிடிஎல்லில் அளவெடுக்க ஒரு முன்மின்னல் வரும். ரியர் கர்ட்டனில் அதற்கும் நிஜ ஃபிளாஷுக்கும் நடுவே இடைவெளி நீளும். முதல் மின்னலைப் பார்த்ததும், படம் முடிந்தது என்று எல்லோரும் கலைவார்கள். "இரண்டாவது மின்னும் வரை அசையாதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

## மஞ்சள் விளக்கில் ஜெல் இல்லாமல்

முகம் நீலம் அல்லது பின்னணி ஆரஞ்சு. ஃபிளாஷ் மேல் சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் நிறத்தாள்) ஒட்டி, வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு வையுங்கள்.

## ஓடுபவருக்கு ட்ரைபாடு

கழற்றுங்கள். கேமராவும் அவரோடு சேர்ந்து திரும்பட்டும்.