குக்கரில் ராகி நாட்டுச்சர்க்கரை கேக்

ஓவன் வேண்டாம், 5 லிட்டர் குக்கர் போதும். கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கப் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து 10 நிமிடம் மிதமான தீயில் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

கோதுமை மாவு 100 கிராம், ராகி மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். மாவைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் ராகியில் இல்லை. அதனால் ராகியை இதற்கு மேல் கூட்டினால் கேக் வெட்டும்போதே உதிரும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 120 கிராமைத் தயிர் 150 கிராமில் கரைத்து, தேங்காயெண்ணெய் 75 மில்லி விட்டு அடியுங்கள். ஃபிரிட்ஜ் தயிரை அப்படியே ஊற்றினால் எண்ணெய் உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். மார்கழிக் குளிரில் எண்ணெயையும் லேசாகச் சூடு காட்டிக்கொள்ளுங்கள். சலித்த மாவும் கால் கப் பாலும் சேர்த்து, மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். தயிர் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். அதனால் உடனே எண்ணெய் தடவிய 6 அங்குல டின்னில் ஊற்றி உள்ளே வையுங்கள்.

சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். அரை மணிக்கு முன் திறந்து பார்த்தால் நடுப்பகுதி அமுங்கும். அடி கருகினால் தீ அதிகம். சோப்பு வாடை வந்தால் சோடா அதிகம்.

ராகிக்குப் பதில் கம்பு போடலாம், ஆனால் அன்றைக்கு அரைத்த மாவாக இருக்கட்டும். பழசானால் சிக்கு வாடை அடிக்கும்.