காசு வாங்கிக் களைக்கொல்லி அடிப்பவர்கள் உரிமத்தில் கோட்டை விடும் இடங்கள்

புல் வெட்ட வந்தவரிடம் வீட்டுக்காரர், "நடைபாதைக் கல் இடுக்கில் முளைத்திருக்கிற களைக்கும் கொஞ்சம் மருந்து அடித்துவிடுங்கள்" என்கிறார். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தோட்ட வேலைக்காரர் என்ற நிலையிலிருந்து கூலிக்கு வேதிப்பொருள் தெளிப்பவர் என்ற நிலைக்கு மாறிவிடுகிறார். பல நாடுகளின் சட்டம் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. தண்டம் கட்டியவர்களில் பலர் விதியை மீற நினைத்தவர்கள் அல்ல. தாங்கள் எந்தக் கோட்டைத் தாண்டினோம் என்றே தெரியாமல் தாண்டியவர்கள்.

"கடையிலேயே விற்கிறார்களே!"

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால், யாருடைய நிலத்திலும் கூலிக்கு அடிக்கலாம் என்று பொருளாகாது. வாங்குவது ஒன்று, சொந்த நிலத்தில் அடிப்பது வேறு, அடுத்தவர் நிலத்தில் காசு வாங்கிக்கொண்டு அடிப்பது முற்றிலும் வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மூன்றாவதற்கு உரிமம் கட்டாயம், டப்பா சாதாரணக் கடைச் சரக்காக இருந்தாலும் சரி. கலிபோர்னியா இதை இன்னும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. தோட்டப் பராமரிப்பின் ஊடே களைக்கொல்லியும் அடிப்பவர்களுக்கென்றே அங்கே 'கியூ' என்ற தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் தகுதிச் சான்று பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும், வேலை செய்யும் மாவட்டத்தின் வேளாண் ஆணையரிடம் பதிவும் செய்ய வேண்டும்.

பிரிட்டனில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. அங்கே முதல் கேள்வி, அந்தச் சரக்கு தொழில்முறைப் பயன்பாட்டுக்கென அனுமதிக்கப்பட்டதா என்பது. அப்படியென்றால் அடிப்பவர் கையில் சான்றிதழ் இருந்தாக வேண்டும்: அடிப்படைப் பாடத்துக்கு பி.ஏ.1, கையில் பிடித்து அடிக்கும் கருவிக்கு பி.ஏ.6. சான்றிதழ் இல்லாமலே அடிக்க மூத்தவர்களுக்கு இருந்த பழைய வயதுச் சலுகையும் 2015 நவம்பர் 26-உடன் முடிந்துவிட்டது. இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்றது. ஆகவே ஒரு நாட்டில் கேட்டறிந்த விதியை இன்னொரு நாட்டில், ஏன், பக்கத்து மாநிலத்தில்கூட, அப்படியே நம்பக் கூடாது. ஒரு மாநில உரிமம் எல்லை தாண்டிச் செல்லுமா என்பதை வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"பூச்சிக்கொல்லிச் சட்டம் பூச்சிக்குத்தானே, நான் அடிப்பது களைக்கு" என்கிற குழப்பமும் இதோடு சேர்ந்தது. பெயரில் பூச்சி இருந்தாலும் இந்தச் சட்டங்களுக்குள் களைக்கொல்லியும் வரும். இந்தியாவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையே பூஞ்சணக்கொல்லியையும் களைக்கொல்லியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 'மருந்து' என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அதை இலேசாக எடுத்துக்கொள்கிறோம்.

"நான் அடிக்கவே இல்லையே"

வீட்டுக்காரரே டப்பாவை வாங்கி வைத்திருந்தார், நான் பம்பை மட்டும் அழுத்தினேன் என்று சொல்பவர்கள் உண்டு. கூலிக்குத் தெளிப்பதற்கு உரிமம் கேட்கும் இடங்களில் சரக்கு யாருடையது என்பது பொருட்டே இல்லை. தெளித்தது யார், கூலி வாங்கியது யார் என்பதே கேள்வி. பில்லில் "களைக்கொல்லி இலவசம்" என்று எழுதினாலும் தப்ப முடியாது. மொத்த வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

குருணை விஷயத்தில் இன்னும் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். புல்வெளிக்கு உரமும் களைக்கொல்லியும் கலந்து வரும் மூட்டைகள் இருக்கின்றன. உரம் தூவும் வண்டியில் கொட்டித் தள்ளிக்கொண்டு போவதால், உரம் போடுகிறோம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டையில் களைக்கொல்லிக்கான பதிவு எண் இருந்தால் அது களைக்கொல்லிதான். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் தூரிகையால் பூசுவதும், பஞ்சில் நனைத்து இலையில் துடைப்பதும் அப்படியே. தெளிப்பான் கையில் இல்லை என்பதால் சட்டம் விலகிப் போய்விடாது.

வினிகர், உப்பு, டீசல் ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். களையைக் கொல்லும் நோக்கத்தோடு ஒரு பொருளை ஊற்றினால், அது அந்த வேலைக்குப் பதிவு பெற்றிருக்கிறதா என்று பல நாடுகளில் கேட்பார்கள். அடுப்படிப் பொருள் என்பது விடையாகாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உப்பு மண்ணிலேயே தங்கி அடுத்து நடும் செடியையும் வாட்டும். டீசல் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும். வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இவற்றைச் செய்யவே கூடாது.

ஒருவர் உரிமத்தில் நான்கு பேர்

முதலாளி பரீட்சை எழுதி உரிமம் வாங்கிவிட்டார், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். தினமும் தெளிப்பது வேறு நான்கு பேர். இது சரியா என்பது அங்குள்ள விதியைப் பொறுத்தது. சில இடங்களில் தொழிலுக்கு ஒரு உரிமம், தெளிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று என இரண்டும் தேவை. சில இடங்களில் உரிமம் பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் மற்றவர்கள் அடிக்கலாம். ஆனால் 'நேரடி மேற்பார்வை' என்றால் என்ன என்று விதியிலேயே எழுதியிருப்பார்கள். வீட்டில் இருந்தபடி போன் எடுப்பது போதுமா, அதே இடத்தில் நிற்க வேண்டுமா என்பதை அங்கே பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதியில், கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாட்டுப் பொருளை (சான்று பெற்றவரோ அவர் மேற்பார்வையில் உள்ளவரோ மட்டுமே அடிக்கக்கூடியதை) மேற்பார்வையில் அடிப்பவருக்குக் கடந்த 12 மாதங்களுக்குள் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி நடந்ததற்குக் கையெழுத்திட்ட தாள் இல்லையென்றால் ஆய்வாளர் முன்னால் காட்ட எதுவும் இருக்காது.

உரிமத்தின் பிரிவும் பொருந்த வேண்டும். அலங்காரச் செடி, புல்வெளிப் பிரிவில் உரிமம் வாங்கியவர் குளத்துக் கரையில் அடிக்கப் போனால் அது வேறு பிரிவு. சாலையோரமும் இரயில் பாதையோரமும் வேறு. பிரிட்டனிலும் நீர்நிலைக்குள்ளோ அதன் பக்கத்திலோ அடிப்பதற்குத் தனியாகத் தேர்வு உண்டு. வாடிக்கையாளரின் தோட்டத்துக் கோடியில் ஓடை ஓடுகிறது என்றால் அந்தக் கடைசிச் சில மீட்டர் உங்கள் உரிமத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லையா, கையால் பிடுங்கிவிடுங்கள்.

லேபிளும் அளவும்

உரிமம் இருந்தும் பலர் சிக்குவது இங்கேதான். அமெரிக்கச் சட்டத்தில் லேபிளுக்கு மாறாகப் பயன்படுத்துவதே குற்றம். வேறு பல நாடுகளிலும் இதே நிலைதான். "களை முரட்டுத்தனமா இருக்கு, ஒரு மூடி கூடப் போடு" என்பது அனுபவம் போலத் தோன்றும். உண்மையில் அது விதிமீறல், வேலைக்கும் உதவாது. கிளைபோசேட் இலைவழி உள்ளே போய் வேர்வரை இறங்க வேண்டிய பொருள். சரக்கு வீரியம் கூடி இலை சீக்கிரமே கருகிவிட்டால் வேருக்குப் போய்ச் சேருவது குறையும். மேலே காய்ந்தது போலத் தெரிந்து மறுபடி துளிர்க்கும்.

மூடிக்கணக்கு எப்படித் தவறுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். லேபிள் எக்டேருக்கு 4 லிட்டர் என்கிறது. ஒரு எக்டேர் 10,000 சதுர மீட்டர். அப்படியானால் 100 சதுர மீட்டருக்கு 40 மில்லி. இப்போது எவ்வளவு தண்ணீர்? அதை லேபிள் மட்டும் சொல்லிவிடாது. உங்கள் நாசிலும் (துளி வெளிவரும் முனை) உங்கள் நடையும்தான் சொல்லும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டுங்கள். தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஒரு குறிவரை நிரப்பி, வழக்கமான நடையில், வழக்கமான அழுத்தத்தில் அந்த இடம் முழுக்க அடியுங்கள். மறுபடி அதே குறிவரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளவுக்குடுவையால் அளந்து ஊற்றுங்கள். 4 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டரில் 40 மில்லி, அதாவது லிட்டருக்கு 10 மில்லி. 15 லிட்டர் டேங்குக்கு 150 மில்லி. இதே கலவையை மெதுவாக நடக்கும் இன்னொருவர் கையில் கொடுத்தால் அதே இடத்துக்கு 6 லிட்டர் செலவாகலாம். அப்போது 60 மில்லி விழுகிறது, லேபிள் அளவில் ஒன்றரை மடங்கு. கலவையில் தவறே இல்லை, நடையில்தான் தவறு. அதனால் ஆளுக்கு ஆள், நாசிலுக்கு நாசில் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்தாக வேண்டும். தேய்ந்த நாசில் அதிகம் கக்கும், சீராகவும் விழாது. அதைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் துளை இன்னும் பெரிதாகும். பழைய பல் துலக்கி போதும்.

கலங்கல் தண்ணீரில் கிளைபோசேட் கலக்காதீர்கள். களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். பலன் இல்லை என்று அடுத்த முறை அளவைக் கூட்டும் பழக்கம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

காற்று

பக்கத்து வீட்டுத் தக்காளி சுருண்டுபோவதில் தொடங்கும் புகார்தான் பல நேரங்களில் ஆய்வாளரை வரவழைக்கிறது. 2,4-டி வகைக் களைக்கொல்லிக்குத் தக்காளியும் திராட்சையும் மிக எளிதில் பாதிக்கப்படும். பலத்த காற்றில் அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றே அசையாத விடியற்காலையும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல நிற்கும்போது, நுண்துளிகள் கீழே விழாமல் மிதந்து, மெல்ல நகர்ந்து, எதிர்பாராத இடத்தில் போய் இறங்கும். புகை மேலே எழாமல் படுத்துப் பரவினால் அந்த நேரத்தில் அடிக்காதீர்கள். லேபிளில் உள்ள காற்று வரம்பைப் பாருங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், பெரிய துளி விழும் நாசிலைப் போடுங்கள், நாசிலைத் தரைக்கு அருகே பிடியுங்கள். எஸ்டர் வகை 2,4-டியும் டைகாம்பா என்ற களைக்கொல்லியும் அடித்த பிறகுகூட வெயிலில் ஆவியாகிப் பரவக்கூடியவை. கடும் வெப்ப நாளில் இவற்றைத் தொடாதிருப்பதே நல்லது.

பதிவேடு

வார இறுதியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதும் பதிவேடு, பதிவேடே அல்ல. ஆய்வாளருக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்: ஒரே பேனா, ஒரே காற்று வேகம், எல்லா வேலையும் காலை 9 மணிக்கு. அடித்த அன்றே, முடிந்தால் அந்த இடத்திலேயே எழுதுங்கள். நல்ல பதிவு இப்படி இருக்கும்: தேதி, தொடங்கியது 7.40, முடிந்தது 8.05, முகவரி, வேலிக்கும் புல்வெளிக்கும் இடைப்பட்ட ஓரம், 60 சதுர மீட்டர், பொருளின் முழுப்பெயர், பதிவு எண், கலவை 2.4 லிட்டர், அதில் சரக்கு 24 மில்லி, களை கோரை, காற்று மேற்கிலிருந்து மணிக்கு 8 கிலோமீட்டர், வெப்பம் 24 டிகிரி, அடித்தவர் பெயர், உரிம எண். பக்கத்து வீட்டுக்காரர் மேற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு புகார் செய்தால், அந்தக் காற்றுத் திசை ஒன்றே உங்களைக் காப்பாற்றும்.

எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி விதி, கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாட்டுப் பொருளுக்கு 2 ஆண்டு என்கிறது. பிரிட்டனில் 3 ஆண்டு. கலிபோர்னியாவில் மாதாந்தர அறிக்கையும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் போக வேண்டும். வேலையே இல்லாத மாதத்தை மறந்துவிடாமல், அதற்கும் ஏதாவது அனுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்பித்தலும் காப்பீடும் சுருக்கமாக: உரிமம் காலாவதியான மறுநாள் அடித்தாலும் உரிமமின்றி அடித்ததாகத்தான் கணக்கு. புதுப்பிக்கத் தேவையான பயிற்சி மணிகளைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள், வகுப்பில் இடம் கிடைக்காது. சாதாரணத் தொழில் காப்பீடு பலவற்றில் வேதிப்பொருளால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். களைக்கொல்லி தெளிப்பு என்று பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

டப்பா, டேங்க், வெட்டிய புல்

களைக்கொல்லியைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மாற்றி ஊற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வண்டியில் இடமில்லை, சின்ன வேலைக்குக் கொஞ்சம் போதும் என்றெல்லாம் காரணம் வரும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லியைத் தாகத்தில் ஒரு வாய் குடித்தவர்களே இறந்திருக்கிறார்கள், அதற்கு மாற்றுமருந்து கிடையாது. சரக்கு எப்போதும் அதன் மூலக் கொள்கலனில், லேபிளோடு, பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். காலியானதை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, அந்த வேலையிலேயே அடித்துத் தீர்த்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

2,4-டி அடித்த டேங்கில் அடுத்த நாள் செடிக்கு இலைவழி உரம் கலந்து அடித்து, ரோஜாவைக் கெடுத்தவர்கள் ஏராளம். குழாயிலும் வடிகட்டியிலும் தங்கிய சிறு அளவே போதும். களைக்கொல்லிக்கென ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்து, அதன்மேல் 'களைக்கொல்லி' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

வெட்டிய புல்லையும் கவனிக்க வேண்டும். குளோபிரலிட், அமினோபிரலிட் போன்ற களைக்கொல்லிகள் உரக்குழியில் மக்கிய பிறகும் மிஞ்சும். அந்த உரத்தைப் போட்ட பாத்தியில் பீன்ஸும் தக்காளியும் முறுக்கிக்கொண்டு வளரும். அடித்த புல்லை எத்தனை நாள் உரத்துக்குப் போடக் கூடாது என்று லேபிளில் இருப்பதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லிலேயே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் கழித்துப் பாத்தி கெட்டுப்போகும்போது அது யாருக்கும் நினைவிருக்காது.